எரிக் பிரவுன்: எண்களுக்குப் பின்னால் இருக்கும் வேலை

கேள்வி இதுதான்: "பிரிட்டிஷ் கடற்படை விமானி எரிக் பிரவுன் 487 வகை விமானங்களை ஓட்டினார், கப்பல் தளத்தில் 2,407 முறை இறங்கினார் என்கிறார்களே, இது நம்பும்படியாகவா இருக்கிறது? கேப்டன் பதவியோடு ஓய்வுபெற்றவரை அட்மிரல்களுக்கும் மேலாக ஏன் பேசுகிறார்கள்?"

முதல் பாதிக்குப் பதில் எளிது. நம்பலாம். அந்த 487-இல் விமானத்தின் அடிப்படை வகை மட்டுமே எண்ணப்பட்டிருக்கிறது. ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்திலும் அதன் கடற்படை வடிவமான சீஃபயரிலும் சேர்த்து அவர் 14 மாதிரிகளை ஓட்டியிருக்கிறார். பட்டியலில் அது ஒன்றுதான். பயணியாக ஏறியது கணக்கில் இல்லை. தானே பொறுப்பேற்று ஓட்டியவை மட்டும்தான். இன்னொரு மனிதர் இதைத் தாண்டுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவரைவிடத் திறமைசாலி பிறக்கமாட்டார் என்பதல்ல காரணம். 1940களில் பிரிட்டன், அமெரிக்கா, ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் என்று ஒவ்வொரு நாடும் மாதத்துக்கொரு புது விமானத்தைச் செய்துகொண்டிருந்தது. அவற்றில் பெரும்பகுதி ஏதோ ஒரு வழியில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ சோதனை நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே கடற்படையின் தலைமைச் சோதனை விமானியாக உட்கார்ந்திருந்தவர் பிரவுன். அப்படியொரு காலமும் அப்படியொரு நாற்காலியும் இனி அமையாது.

2,407-க்கும் இதுபோல ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்கு வந்த சிறிய விமானந்தாங்கிக் கப்பல்கள் ஒவ்வொன்றிலும், விமானத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகளும் உந்தி எறியும் கேடபல்ட்டும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று யாராவது இறங்கி ஏறிப் பார்த்தாக வேண்டும். அந்த வேலை அவருக்கு வந்தது. 1943 முடிவதற்குள் 22 கப்பல்களில் சுமார் 1,500 முறை இறங்கிவிட்டார். ஆக, பெரும்பாலான இறக்கங்கள் சாகசம் அல்ல, தரப் பரிசோதனை.

இரண்டாவது பாதிக்குத்தான் நீண்ட பதில் வேண்டும். அவருடைய வாழ்க்கையை எண்களாகச் சொல்பவர்கள் முக்கியமானதை விட்டுவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் படித்தவர் பிரவுன். 1939-இல் போர் மூண்ட நாளில் அவர் ஜெர்மனியில் இருந்தார். ஹிட்லரின் எஸ்.எஸ். படை ஆட்கள் கைது செய்து, சில நாள் வைத்திருந்து, ஸ்விட்சர்லாந்து எல்லையில் கொண்டுபோய் விட்டார்கள் என்றும், அவருடைய எம்.ஜி. காரையும் திருப்பித் தந்தார்கள் என்றும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நாடு திரும்பியதும் விமானப்படையின் தன்னார்வப் பிரிவில் சேர்ந்து, பிறகு கடற்படைக்கு மாறினார். சரளமான ஜெர்மன் பின்னால் அவரை எங்கெங்கோ கொண்டுபோய் நிறுத்தப்போகிறது.

அவர் முதலில் போருக்குப் போன கப்பல் எச்.எம்.எஸ். ஆடாசிட்டி. பிரிட்டிஷ் கடற்படையின் முதல் துணைக்காவல் விமானந்தாங்கி. ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய ஹனோவர் என்ற சரக்குக் கப்பலின் மேல்பகுதியை வெட்டியெடுத்துவிட்டுத் தட்டையான தளம் போட்டிருந்தார்கள். விமானங்களை உள்ளே இறக்கி வைக்கக் கூடம் கிடையாது. மழையோ காற்றோ, மார்ட்லெட் போர் விமானங்கள் திறந்த தளத்திலேயே கட்டிப்போடப்பட்டு நிற்கும், பழுதுபார்ப்பதும் அங்கேதான். ஜிப்ரால்டருக்குப் போய்வரும் சரக்குக் கப்பல் கூட்டங்களுக்குக் காவல் என்பதுதான் வேலை. எதிரி ஃபோக்கே-வுல்ஃப் கோண்டோர்: நான்கு எஞ்சின் உள்ள நெடுந்தூர வேவு விமானம். கப்பல் கூட்டத்தைக் கண்டுபிடித்து நீர்மூழ்கிகளுக்குத் தகவல் தருவதும், வாய்த்தால் தானே குண்டு போடுவதும் அதன் வேலை. பின்பக்கமும் மேலும் கீழும் துப்பாக்கிகள் இருந்ததால், வழக்கம்போலப் பின்னாலிருந்து நெருங்கியவர்கள் அடிபட்டார்கள். பிரவுன் நேருக்கு நேர் முகத்தில் போய் அடிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். கோண்டோரின் முகப்பில் காவல் மெலிவு. ஆனால் இரண்டு விமானங்களும் எதிரெதிரே பாயும்போது சுடுவதற்குக் கிடைப்பது சில நொடிகள், அதற்குள் விலகவும் வேண்டும். அப்படி இரண்டு கோண்டோர்களை வீழ்த்தினார்; டி.எஸ்.சி. என்ற பிரிட்டிஷ் வீர விருது கிடைத்தது.

1941 டிசம்பர் 21 இரவு யு-751 என்ற நீர்மூழ்கி ஆடாசிட்டியை மூழ்கடித்தது. தண்ணீரில் தன்னோடு சேர்ந்து மிதந்த கூட்டத்தில் மீட்புக் கப்பல் வரும்வரை உயிரோடு இருந்தவர்கள் தன்னோடு இன்னொருவர் மட்டுமே என்று பிரவுன் சொல்வார். விமானிகள் அணியும் மிதவைச் சட்டை, மயங்கினாலும் தலையை நீருக்கு மேலே தூக்கிப் பிடிக்கும். மாலுமிகளுக்குத் தரப்பட்டது அப்படிப்பட்டதல்ல. குளிரில் கண்ணயர்ந்தவர்கள் முகம் கவிழ்ந்து போய்விட்டார்கள். கருவியின் வடிவமைப்பில் உள்ள சின்ன வித்தியாசம் உயிரைத் தீர்மானிக்கும் என்பதை இருபதுகளின் தொடக்கத்திலேயே இப்படிக் கற்ற ஒருவர் பின்னால் சோதனை விமானியாகப் போனதில் எனக்கு ஒரு பொருத்தம் தெரிகிறது.

சோதனை விமானி என்றால் துணிச்சல்காரர் என்ற படம்தான் நம் மனதில் வரும். பிரவுன் அந்தப் படத்துக்குள் அடங்கமாட்டார். ஏறும் விமானத்தைப் பற்றிக் கிடைக்கும் தாள்களையெல்லாம் படிப்பார். என்ன கெட்டுப்போகலாம், கெட்டால் கை எங்கே போக வேண்டும் என்று தரையிலேயே ஒத்திகை பார்த்துக்கொள்வார். இறங்கியதும் எழுதுவார். "நான் செய்துவிட்டேன்" என்பதோடு அந்த அறிக்கை முடியாது. படைப்பிரிவில் இருக்கும் சராசரி விமானி, இரவில், களைத்துப்போய்த் திரும்பும்போது இதைச் செய்ய முடியுமா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர் என்பதால்தான் அவரை நான் பெரிய மனிதராக மதிக்கிறேன்.

1944 மார்ச் 25 அன்று மஸ்கிட்டோ விமானத்தை எச்.எம்.எஸ். இன்டிஃபாட்டிகபிள் மீது இறக்கியதைப் பாருங்கள். இரட்டை எஞ்சின் கொண்ட போர் விமானத்தைக் கப்பலில் இறக்குவது பிரிட்டிஷ் கடற்படைக்கு அதுவே முதல் தடவை. கப்பலின் கம்பிகள் தாங்கக்கூடிய வேகம் 86 நாட், அதாவது மணிக்கு 160 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மஸ்கிட்டோவோ 110 நாட்டுக்குக் கீழே போனால் பறப்பதையே நிறுத்திவிடும் என்று கையேடு சொல்கிறது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால் காரியம் நடக்காது. பிரவுன் செய்தது, மூக்கை உயர்த்தி, இரண்டு எஞ்சின்களின் முழு இழுவையில் விமானத்தைக் கிட்டத்தட்டத் தொங்கவிட்டபடி நெருங்கியது. விசிறிகள் இறக்கை மேல் அடிக்கும் காற்றுதான் அந்தக் குறைந்த வேகத்தில் அதைத் தாங்கியது. அந்த நிலையில் ஓர் எஞ்சின் நின்றிருந்தால் விமானம் ஒரு பக்கமாகப் புரண்டு கடலில் விழுந்திருக்கும், திருத்த நேரமே இருந்திருக்காது. இதைத் தெரிந்துதான் போனார். முதலில் தரையில் திரும்பத் திரும்ப வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அதே ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படைக்கு ஒரு சிக்கல். ஜெர்மனிக்கு மேல் குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகப் போகும் போர் விமானங்கள், எதிரியைத் துரத்தித் தலைகீழாகப் பாயும்போது கட்டுப்பாட்டை இழந்தன. ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்க இறக்கை மேல் அதிர்வலை உண்டாகி, கட்டுப்பாட்டுக் கோல் இறுகிவிடும். அமெரிக்கத் தளபதி ஜெனரல் டூலிட்டில் கேட்டுக்கொண்டதன் பேரில் ஃபார்ன்பரோவில் அளந்தார்கள். சண்டையில் கட்டுப்பாட்டோடு போகக்கூடிய எல்லை, அமெரிக்கப் போர் விமானங்களில் லைட்னிங்குக்கு மாக் 0.68 (ஒலியின் வேகத்தில் 0.68 பங்கு), தண்டர்போல்ட்டுக்கு 0.71. ஜெர்மானியப் போர் விமானங்களின் எல்லை 0.75. ஆக முதல் இரண்டிடமிருந்தும் எதிரி எளிதாகத் தப்பித்துவிடலாம். இன்னொரு அமெரிக்க விமானமான மஸ்டாங் மட்டும் 0.78 வரை போனது. அதையே காவலுக்கு முதன்மையாக்க வேண்டும் என்பதற்கு இந்த எண்கள் வலுச் சேர்த்தன. பிரவுனின் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான். யாரும் படமெடுக்காத, விருது கிடைக்காத அளவெடுப்பு. ஆனால் எத்தனையோ விமானிகள் வீடு திரும்ப அது உதவியிருக்கிறது.

இப்போது அவர் பெயரை உலகம் நினைவில் வைத்திருக்கும் நாளுக்கு வருவோம்: 1945 டிசம்பர் 3. ஆங்கிலக் கால்வாயில் எச்.எம்.எஸ். ஓஷன். கப்பலின் தலைவர் கேப்டன் கேஸ்பர் ஜான். அவரும் கடற்படை விமானிதான், பின்னால் பிரிட்டிஷ் கடற்படையின் உச்சப் பதவிக்கு வந்தவர். இறங்க வேண்டியது டி ஹாவிலண்ட் சீ வாம்பயர், ஒற்றை ஜெட் எஞ்சின் கொண்டது.

ஜெட் விமானம் கப்பலில் இறங்க முடியாது என்று அன்றைக்குப் பலர் நினைத்ததற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. விசிறி விமானத்தில் எரிபொருள் விசையை வெட்டினால் விசிறியே தடையாகி, விமானம் உடனே கீழே இறங்கும். கொஞ்சம் விசை கொடுத்தால் அந்த நொடியே இறக்கை மேல் காற்று பாய்ந்து தூக்கிவிடும். விமானி கையில் இரண்டு பக்கமும் பிடிமானம் இருக்கிறது. ஜெட்டில் இரண்டும் இல்லை. விசையைக் குறைத்தாலும் விமானம் வழுக்கிக்கொண்டே போகும். கூட்டினாலோ எஞ்சின் சுழற்சி ஏறி வருவதற்குப் பல நொடிகள் ஆகும். கப்பல் தளத்தின் விளிம்பு வந்த பிறகு "கொஞ்சம் தாழ்ந்துவிட்டேனே" என்று விசை கொடுத்தால், எஞ்சின் பதில் சொல்லும்போது விமானம் கப்பலின் பின்சுவரில் மோதியிருக்கும். ஆகவே முடிவை முன்கூட்டியே எடுக்க வேண்டும். எஞ்சினை ஓரளவு சுழற்சியிலேயே வைத்துக்கொண்டு, விசையோடு நெருங்கி வர வேண்டும். எரிபொருளும் குறைவு, நிதானமாகச் சுற்றி வந்து பார்க்க வசதியில்லை.

அன்று வானிலையும் கெட்டுப்போயிருந்தது. கப்பல் முன்னும் பின்னுமாக ஆடியதால் சோதனையைத் தள்ளிவைக்கச் சொல்லிச் செய்தி அனுப்பினார்கள். அது போய்ச் சேர்வதற்குள் பிரவுன் கிளம்பிவிட்டிருந்தார். மேலே வந்து நிற்கிற விமானத்தைத் திருப்பி அனுப்பாமல் இறங்க அனுமதித்தார்கள். விமானம் சுத்தமாகக் கம்பியைப் பிடித்து நின்றது. அன்று தெரிந்த இன்னொரு நல்ல செய்தி: வாம்பயரில் விமானி இறக்கைக்கு முன்னால் உட்காருகிறார், மூக்கில் நீளமான எஞ்சின் இல்லை, மூக்குச் சக்கரமும் உண்டு. அதனால் தளம் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. சீஃபயர் விமானிகளுக்கு எட்டாக்கனியாக இருந்த விஷயம் இது.

இங்கே ஒரு திருத்தம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கேள்வி கேட்பவர்கள் அடிக்கடி மடக்குவார்கள். அதற்கு நான்கு வாரம் முன்பே, 1945 நவம்பர் 6-இல், அமெரிக்காவின் யு.எஸ்.எஸ். வேக் ஐலண்ட் கப்பலில் ஒரு ரையன் ஃபயர்பால் ஜெட் விசையில் இறங்கியது உண்மைதான். ஆனால் அது விசிறி எஞ்சினும் ஜெட் எஞ்சினும் சேர்ந்த கலப்பு விமானம். விசிறி எஞ்சின் பழுதானதால் அப்படி இறங்க நேர்ந்தது. முழுக்க ஜெட்டால் மட்டுமே ஓடும் விமானத்தைத் திட்டமிட்டு இறக்கிய முதல்வர் பிரவுன்தான்.

1945 முழுவதுமே அவர் வாழ்க்கையில் நெருக்கமான ஆண்டு. பிப்ரவரியில் லிவர்பூல் அருகே ஸ்பீக் விமான நிலையத்துக்கு அமெரிக்காவிலிருந்து வந்த சிகோர்ஸ்கி ஹெலிகாப்டரை எடுத்துவரப் போனார். யார் சொல்லித்தருவார்கள் என்று கேட்டதற்கு அங்கிருந்த அமெரிக்க சார்ஜன்ட் கையேட்டை எடுத்து நீட்டினார். அதைப் படித்துவிட்டு ஓட்டிக்கொண்டு ஃபார்ன்பரோ வந்து சேர்ந்தார்.

ஏப்ரலில் பெர்கன்-பெல்சன் வதைமுகாம் விடுவிக்கப்பட்டபோது ஜெர்மன் தெரிந்த அதிகாரி தேவைப்பட்டார். முகாம் தலைவன் யோசெஃப் கிராமரையும் பெண் காவலர் இர்மா கிரேஸையும் விசாரிக்கும் வேலை பிரவுனுக்கு வந்தது. தன் வாழ்க்கையில் சந்தித்த மிகக் கொடிய மனிதப் பிறவி கிரேஸ்தான் என்று கடைசிவரை சொன்னார். அங்கே கண்டதும் மூக்கில் ஏறிய நாற்றமும் தன்னைவிட்டுப் போகவேயில்லை என்றும் சொன்னார். ஜெர்மன் மொழியையும் ஜெர்மானிய நண்பர்களையும் நேசித்த ஒருவர் அந்த முகாமுக்குள் போய் அந்த மொழியிலேயே அந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், விமானக் கதைகளெல்லாம் சிறிது நேரம் பின்னால் போய்விடுகின்றன.

பிறகு கைப்பற்றிய விமானங்கள். டென்மார்க்கின் குரோவ் விமானதளத்தில் இருந்த ஆராடோ என்ற ஜெர்மானிய ஜெட்டை எடுத்துவரப் போனபோது, நேச நாட்டுப் படை வந்து சேர்ந்திருக்கும் என்று நினைத்து இறங்கினார். வந்திருக்கவில்லை. சுமார் 2,000 ஜெர்மானியர்கள் இருந்த தளத்தை அதன் தலைவர் இவரிடமே சரணடையச் செய்தார். ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங், விமான வடிவமைப்பாளர்கள் வில்லி மெஸ்ஸர்ஷ்மிட், கூர்ட் டாங்க், பெண் சோதனை விமானி ஹன்னா ரைட்ஷ் போன்றவர்களையும் விசாரித்தார்.

ஜூன் 10 அன்று வடஜெர்மனியின் ஹூசும் தளத்தில் மெஸ்ஸர்ஷ்மிட் 163 கோமெட்டை ராக்கெட் விசையோடு ஓட்டினார். நேச நாட்டு விமானிகளில் அப்படி ஓட்டியவராகப் பதிவானவர் அவர் ஒருவரே. அந்த விமானத்தின் இரண்டு எரிதிரவங்களும் ஒன்றையொன்று தொட்டாலே வெடிக்கும் தன்மை கொண்டவை. ஒன்று மனிதத் தோலையும் கரைத்துவிடும். தரையை விட்டு எழும்பியதும் சக்கர வண்டியைக் கழற்றிவிட வேண்டும். அதிகத் தாழ்வில் விட்டால் அது துள்ளி வந்து விமானத்தையே அடிக்கும். எரிபொருள் தாங்குவது சில நிமிடங்கள். பிறகு எஞ்சின் இல்லாமல் வழுக்கி வந்து, அடியில் உள்ள சறுக்குக் கட்டையில் இறங்க வேண்டும். மேலிடத்தில் இதற்கு முழு ஒப்புதல் இல்லை; ஓட்டிப் பார்க்காமல் அறிக்கை எழுதுவது அவருக்கு ஒப்பவில்லை.

துணிச்சலுக்கும் ஒத்திகைக்கும் உள்ள உறவைக் காட்ட ஒரே ஒரு சம்பவம் சொல்லச் சொன்னால், டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் டி.எச். 108-ஐத்தான் சொல்வேன். வால் இல்லாத, பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை கொண்ட சிறிய ஜெட். 1946 செப்டம்பர் 27-இல் தேம்ஸ் கழிமுகத்துக்கு மேல் அதிவேகத்தில் பறந்தபோது அது சிதறியது. ஓட்டிய ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் ஜூனியர், நிறுவனரின் மகன், கழுத்து முறிந்து இறந்தார். என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க அதே வகை விமானத்தில் அதே நிலைமையை மீண்டும் உண்டாக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. 1949-இல் பிரவுன் அதைச் செய்தார். வேகம் கூடிக்கொண்டே போயிற்று, பறத்தல் வழவழப்பாக இருந்தது. திடீரென்று விமானத்தின் மூக்கு கண்மூடித் திறப்பதற்குள் மேலும் கீழுமாகத் துள்ளத் தொடங்கியது. தாடை மார்பில் இடிக்கிறது, தலை பின்னால் வீசப்படுகிறது, மறுபடி மார்பில் இடிக்கிறது. எதையும் யோசித்துச் செய்ய அங்கே நேரமில்லை. ஆனால் அந்தக் கணத்தில் கைகள் செய்ய வேண்டியதைத் தரையிலேயே திரும்பத் திரும்பப் பழகியிருந்தார்: ஒரு கையால் கட்டுப்பாட்டுக் கோலையும் மறுகையால் விசையையும் ஒரே நேரத்தில் மெதுவாகப் பின்னே இழுப்பது. இழுத்தார். துள்ளல் வந்த மாதிரியே நின்றது.

பிரவுன் உருவத்தில் சிறியவர், உயரம் 5 அடி 7 அங்குலம்தான். "விங்கிள்" (சின்னக் கடல்நத்தை) என்ற பட்டப்பெயர் கடற்படையில் அதனால் வந்தது. உயரமான டி ஹாவிலண்டின் தலை மேல்கூண்டில் மோதியிருக்க வேண்டும், குள்ளமாக இருந்ததால் நான் தப்பினேன் என்பது பிரவுனின் முடிவு. அதை அப்படியே எழுதியும் வைத்தார். தன் திறமையால் தப்பினேன் என்று சொல்லிக்கொள்ளலாம், சொல்லவில்லை. கட்டப்பட்ட மூன்று டி.எச். 108-களும் விழுந்தன. 1950-இல் மேலும் இரண்டு விமானிகள் அவற்றில் இறந்தார்கள். விமானத்தைக் கொலைகாரன் என்று வெளிப்படையாகச் சொன்னார் பிரவுன். சோதனை விமானி இப்படிக் கறாராகச் சொன்னால்தான் அடுத்தவர்கள் பிழைப்பார்கள்.

அவருடைய தோல்விகளும் பேசப்பட வேண்டியவை. ஜெட் விமானத்துக்குச் சக்கரமே வேண்டாம், எடை மிச்சமாகும், அந்த இடத்தில் எரிபொருள் ஏற்றலாம் என்று ஒரு யோசனை பிறந்தது. கப்பல் தளத்தில் காற்றடைத்த ரப்பர் குழாய்களை வரிசையாக அடுக்கி, மேலே ரப்பர் விரிப்புப் போட்டு, விமானம் வயிற்றால் வந்து விழ வேண்டும். 1947 டிசம்பர் இறுதியில் ஃபார்ன்பரோவில் நடந்த முதல் முயற்சி விபத்தில் முடிந்தது. வாம்பயர் நொறுங்கியது, பிரவுனுக்குக் காயமில்லை. குறை எங்கே என்று பார்த்துத் திருத்தி, 1948 நவம்பரில் எச்.எம்.எஸ். வாரியர் மீது இறங்கிக் காட்டினார். தொடர்ந்து செய்த இறக்கங்களில் அந்த முறை நன்றாகவே வேலை செய்தது. ஆனால் இறங்கிய பிறகு? சக்கரமில்லாத விமானத்தைத் தளத்தில் நகர்த்த ஒவ்வொரு முறையும் பளுதூக்கி வேண்டும். தரையில் எந்த விமானதளத்திலும் அதை இறக்க முடியாது. திட்டம் கைவிடப்பட்டது. கைவிட்டது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். பறப்பது சாத்தியம், படைப்பிரிவு வாழ்க்கைக்கு ஒத்துவராது என்று ஓட்டிக் காட்டித் தெரிந்துகொண்டதால் வேறு வழிகளைத் தேடினார்கள்.

அந்த வேறு வழிகள்தான் கடற்படை விமானப் பிரிவை மாற்றின: டென்னிஸ் கேம்பெல் சொன்ன சாய்தளம் (இறங்கும் பாதையைக் கப்பலின் நீளவாட்டிலிருந்து சற்றுப் பக்கவாட்டில் திருப்பி அமைப்பது), காலின் மிட்செலின் நீராவி கேடபல்ட், இறங்கும் விமானிக்குச் சரியான சரிவை ஒளியால் காட்டும் நிக்கோலஸ் குட்ஹார்ட்டின் கண்ணாடி வழிகாட்டி. மூன்றுமே பிரிட்டிஷ் கடற்படையினரின் யோசனைகள். எதையும் பிரவுன் கண்டுபிடிக்கவில்லை. சிலர் அவர் தலையில் எல்லாப் புகழையும் ஏற்றிவைப்பது தவறு. ஆனால் நீராவி கேடபல்ட்டை அமெரிக்கர்களுக்கு நிரூபித்ததில் அவருக்குப் பங்கு உண்டு. 1950களின் தொடக்கத்தில் மேரிலாந்தின் பட்டக்சன்ட் ரிவர் சோதனை நிலையத்தில் பரிமாற்ற அதிகாரியாக இருந்தார். அப்போது எச்.எம்.எஸ். பெர்சியஸ் நீராவி கேடபல்ட்டோடு அமெரிக்கா வந்தது. செயல்விளக்க நாளில் காற்று பின்னாலிருந்து வீசியது. கப்பலோ கரையில் கட்டியிருந்தது. விமானம் எழும்ப எதிர்க்காற்று வேண்டும் என்பது பாலபாடம். தங்கள் விமானியைப் பணயம் வைக்க அமெரிக்க அதிகாரிகள் தயங்கினார்கள். எங்கள் விமானியைப் பணயம் வைக்கிறோம், நீங்கள் உங்கள் விமானத்தை வையுங்கள் என்று பெர்சியஸின் தலைவர் சொல்ல, பிரவுன் ஏறி உட்கார்ந்தார். எழும்பிப் பறந்தார். அமெரிக்கக் கப்பல்களில் நீராவி கேடபல்ட் வந்தது.

நமக்கும் இதில் நேரடித் தொடர்பு இருக்கிறது. 1961 மார்ச் 4-இல் பெல்ஃபாஸ்டில் இந்தியக் கடற்படையில் சேர்ந்த முதல் ஐ.என்.எஸ். விக்ராந்துக்குச் சாய்தளமும் நீராவி கேடபல்ட்டும் பொருத்தப்பட்டிருந்தன. அந்த ஆண்டு மே 18-இல் லெப்டினன்ட் ராதாகிருஷ்ண ஹரிராம் தஹிலியானி அதன்மேல் முதல் ஜெட் விமானத்தை இறக்கினார். 1984 முதல் 1987 வரை இந்தியக் கடற்படைத் தளபதியாக இருந்தவர் அவர். பதினாறே ஆண்டுகளில், உலகமே சந்தேகப்பட்ட ஒரு காரியம் ஒரு புதிய கடற்படையின் இளம் அதிகாரி செய்யக்கூடிய வழக்கமான பணியாகிவிட்டது.

பிரவுனின் பிற்காலப் பதவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1950களின் இறுதியில் மேற்கு ஜெர்மனியின் கடற்படை விமானப் பிரிவை மறுபடி கட்டியெழுப்பும் பிரிட்டிஷ் குழுவுக்குத் தலைவர். கோண்டோர்களை வீழ்த்தியவரே அவர்களுக்கு ஆசிரியரானார். 1960 இறுதியில் கேப்டன். பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டியில் கடற்படை வான்போர்ப் பிரிவின் துணை இயக்குநராக இருந்தபோது சி.வி.ஏ-01 என்ற பெரிய விமானந்தாங்கியின் தள அமைப்புக்கு ஆலோசனை சொன்னார். 1966-இல் அரசாங்கம் அந்தக் கப்பலையே ரத்து செய்தது. பிறகு மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பானில் கடற்படைத் தூதரக அதிகாரி. 1967 செப்டம்பர் முதல் 1970 மார்ச் வரை ஸ்காட்லாந்தின் லாசிமவுத் விமானதளத்தின் தலைவர். அதோடு சீருடை முடிந்தது. பிறகு ஹெலிகாப்டர் துறையில் பணி. 1982-83-இல் ராயல் ஏரோநாட்டிக்கல் சொசைட்டியின் தலைவர். 2016 பிப்ரவரி 21-இல் இறந்தார்.

அட்மிரல் ஆகாதது குறையா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. அட்மிரல் பதவி, கப்பல்களையும் படைகளையும் நடத்தியவர்களுக்கான ஏணி. பிரவுன் தன் நல்ல ஆண்டுகளை ஃபார்ன்பரோவில், ஒரு விமானத்திலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறி, அறிக்கை எழுதிச் செலவழித்தார். பெரிய நிறுவனங்கள் பெருமையோடு கொண்டுவந்த விமானங்களை வேண்டாம் என்று எழுதவும் தயங்கவில்லை. அந்த வேலையில் பதவி உயர்வு வேகமாக வராது.

டிசம்பர் 3 அன்று அவர் இறக்கிய வாம்பயர், எல்.இசட். 551, இங்கிலாந்தின் யோவில்டன் கடற்படை விமான அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அந்தப் பக்கம் போக வாய்ப்பிருப்பவர்கள் முன்னாலிருந்து படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். பக்கவாட்டில் நின்று, விமானி உட்காரும் இடம் இறக்கைக்கு எவ்வளவு முன்னால் தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். பிறகு அங்கேயே ஒரு சீஃபயர் முன் நின்று அதன் நீண்ட மூக்கைப் பாருங்கள். ஆடும் கப்பலின் தளம் இரண்டு விமானிகளுக்கும் எப்படித் தெரிந்திருக்கும் என்பது படித்ததைவிட அங்கே நன்றாகப் புரியும்.